ஒரே முகம், வேறு இரத்தம்: மஸ்கெலியாவிலிருந்து ‘நாடோடி மன்னன்’

1958ஆம் ஆண்டு தமிழில் வந்த ராஜா ராணிப் படங்களில் இரண்டு, ஒரே உத்தியை எடுத்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் போயின. பிப்ரவரியில் சிவாஜி கணேசனின் ‘உத்தமபுத்திரன்’ வந்தது. ஆகஸ்ட் 22ஆம் தேதி, எம்.ஜி.ஆர். தயாரித்து முதன்முறையாகத் தானே இயக்கிய ‘நாடோடி மன்னன்’ வந்தது. இரண்டிலும் நாயகனுக்கு இரட்டை வேடம். அரண்மனைக்குள் ஒருவன், வெளியே ஒருவன், இருவருக்கும் ஒரே முகம். சிம்மாசனத்தைச் சுற்றிச் சதி, ஆள்மாறாட்டம், வாள்சண்டை. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள்.

ஆனால் அந்த முக ஒற்றுமைக்கு என்ன காரணம் என்று கேட்டால் இரண்டும் வேறு வேறு பதில் சொல்கின்றன. ‘உத்தமபுத்திர’னில் இருவரும் இரட்டைப் பிறவிகள். சதிகாரன் ஒழித்துக்கட்டச் சொன்ன குழந்தை எளியவர் வீட்டில் வளர்ந்து ஆளாகித் தன் உரிமையைப் பெறுகிறது. டூமாவின் இரும்பு முகமூடிக் கதையிலிருந்து பிறந்த இந்தக் கதையை 1940இலேயே பி.யூ. சின்னப்பாவை வைத்து மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்திருந்தது. இரண்டு முறையும் சிம்மாசனம் தன் இரத்தத்தைத் தேடிக் கண்டுபிடித்துக்கொள்கிறது. ‘நாடோடி மன்ன’னிலோ மன்னன் மார்த்தாண்டனுக்கும் வீராங்கனுக்கும் எந்த உறவும் இல்லை. பட்டாபிஷேகத்துக்கு முந்திய நாள் ராஜகுருவின் சூழ்ச்சியால் மன்னன் மயங்கிக் கிடக்கிறான். அவனுடைய இடத்தில், மக்களுக்காகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு சாமானியன் கிரீடம் சூடுகிறான். அவனிடம் இருப்பது மன்னனின் முகம் மட்டுமே. வம்சம் இல்லை.

இந்த வேறுபாடு தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கு எவ்வளவு முக்கியமாக இருந்ததோ தெரியாது. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்ட ஊரான மஸ்கெலியாவிலிருந்து பார்க்கும்போது படத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. அந்த ஆண்டில் இங்கே, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் குடியிருந்த ஒரு மனிதன் இந்த நாட்டைச் சேர்ந்தவனா இல்லையா என்பதை இரத்தத்தைக் கொண்டுதான் சட்டம் தீர்மானித்துக்கொண்டிருந்தது.

‘நாடோடி மன்ன’னின் மூலம் அந்தோனி ஹோப் 1894இல் எழுதிய ஸெண்டா கைதியின் கதை என்பது பரவலாக அறிந்த செய்தி. 1937இல் ரொனால்ட் கோல்மன் நடித்து ஹாலிவுட் படமாகவும் அது வந்தது. தமிழுக்கு வரும்போது அதில் நேர்ந்த ஒரு மாற்றத்தை அதிகம் பேர் கவனித்ததில்லை. ஹோப்பின் நாவலில் மன்னனுக்குப் பதிலாக முடிசூடும் ஆங்கிலேயன் முற்றிலும் அந்நியன் அல்ல. பல தலைமுறைகளுக்கு முன் அந்த அரச வம்சத்து இளவரசன் ஒருவனுக்கும் அவன் குடும்பத்துப் பெண்ணொருத்திக்கும் இருந்த கள்ள உறவின் வழியாக வந்தவன் அவன். அவனுடைய செம்பட்டை முடியும் நீண்ட மூக்கும் அதற்குச் சாட்சி. ஆக, ஆள்மாறாட்டத்திலும்கூட அரச இரத்தம் சொட்டளவாவது இருந்தே ஆகவேண்டும் என்று ஐரோப்பியக் கதை விரும்பியது. முடிவில் அவன் கிரீடத்தையும் காதலையும் உரியவனிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புகிறான். தமிழ்ப் படம் அந்தச் சொட்டையும் துடைத்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. சிம்மாசனத்தில் உட்கார்ந்தவன் உண்மை மன்னனுக்காகக் காத்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை, சட்டம் போடுகிறான். நிலம், கல்வி, ஏழை பணக்காரன் ஏற்றத்தாழ்வு என்று ஒரு சமகால அரசியல் கட்சியின் வேலைத்திட்டம் போலவே அரசவையில் அறிவிப்புகள் ஒலிக்கின்றன. எம்ஜியார் பிக்சர்ஸின் முத்திரையில் ஆணும் பெண்ணும் ஏந்தி நின்ற கறுப்பு சிவப்புக் கொடியைப் பார்த்துவிட்டு உள்ளே போனவர்களுக்கு அது எந்தக் கட்சி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இனி இந்த மலைகளின் கதைக்கு வருவோம்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. மஸ்கெலியாவின் உறுப்பினர் ஜி.ஆர். மோத்தா. நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. 1931இல் வந்த சர்வஜன வாக்குரிமையின் பலனைத் தோட்டத் தொழிலாளர்கள் முழுமையாகக் கண்டது அந்த ஒரே தேர்தலில்தான். அந்தத் தேர்தலைப் பார்த்த பழைய மஸ்கெலியா நகரம் இன்று இல்லை. 1969இல் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் வந்தபோது அது நீருக்குள் போய்விட்டது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்களின் சிதைவுகள் தலைகாட்டும்.

நகரம் மூழ்குவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே வாக்கு மூழ்கிவிட்டது. 1948இன் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், அதற்கு முன் பிறந்தவர்களைப் பொறுத்தவரை, இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது என்றது. தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத தோட்டங்களில் பூட்டன் பிறந்த இடத்துக்கு எவரிடம் அத்தாட்சி இருக்கும்? 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் பதிவுப் பிரஜையாக ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கினரே உள்ளே விடப்பட்டனர். அதே 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டுப் பிரஜைகள் அல்லாதோரின் வாக்கு பறிக்கப்பட்டது. 1952 தேர்தலில் அந்த ஏழு இடங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இங்கே ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எம்.ஜி.ஆர். பிறந்தது 1917 ஜனவரி 17 அன்று, கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில். ஹட்டனில் ரயிலேறினால் வட்டவளை தாண்டி, மலை இறங்கியதும் வருகிற ஊர் அது. தகப்பனார் மருதூர் கோபாலமேனன் கேரளத்தவர். அவர் இறந்தபின் குடும்பம் கும்பகோணம் போய்ச் சேர்ந்தது. போகாமல் நாவலப்பிட்டியிலேயே இருந்திருந்தால் 1948இன் சட்டப்படி அவர் வம்சாவளிப் பிரஜை ஆகியிருக்க முடியாது. தகப்பன் இங்கே பிறந்தவரல்ல. இரத்த உறவில்லாத சாமானியனைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்துப் படம் எடுத்தவர், அவர் பிறந்த மண்ணிலேயே இரத்தக் கணக்குப்படி அந்நியர். இதை மனத்தில் வைத்துத்தான் அவர் அந்தக் கதையைத் தேர்ந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய நோக்கம் சென்னை அரசியல். ஆனால் படம் என்பது எடுத்தவரின் நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. பார்ப்பவர் எங்கே உட்கார்ந்து பார்க்கிறார் என்பதும் அதன் பொருளைத் தீர்மானிக்கிறது.

மலையகத்துக்கு அரண்மனைச் சதி சினிமாவோடு வந்த புதுச் சரக்கு அல்ல. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் தங்கள் கூத்துகளையும் கொண்டுவந்தார்கள். மாசி மாதக் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் தோட்டங்களில் வேரூன்றின. பொன்னர் சங்கர் முழுக்க முழுக்க உரிமை பறிப்பின் கதை. பங்காளிகளின் வஞ்சனையில் ஒரு தலைமுறை நிலம் இழக்கிறது. பிள்ளைகள் மறைவில் வளர்கிறார்கள். பிறகு வளநாட்டை மீட்கிறார்கள். லயத்து முற்றத்தில் விடிய விடிய அதைப் பார்த்த கண்களுக்கு ‘உத்தமபுத்திரன்’ பழகிய கதைதான். மறைந்து வளர்ந்த வாரிசு, திரும்பக் கிடைக்கும் உரிமை. இந்த மரபில் நியாயம் என்பது பிறப்பால் வந்த உரிமை மீண்டும் கைக்கு வருவது. பிறப்பால் எந்த உரிமையும் இல்லாதவனுக்கு அந்தக் கூத்தில் வழி கிடையாது. அந்த வழியை ‘நாடோடி மன்னன்’ திறந்தது என்பதே என் வாதம்.

கண்டியின் சிம்மாசன வரலாற்றைப் படித்தவர்களுக்கு இந்த இரத்த வாதம் எவ்வளவு வசதியானது என்பது விளங்கும். 1739இல் ஸ்ரீ வீர நரேந்திரசிங்கன் இறந்தபோது அவனுக்கு உனம்புவே என்ற மகன் இருந்தான். கண்டி மண்ணில் பிறந்தவன். ஆனால் தாய் அரச குலத்தவள் அல்ல என்று அவனை ஒதுக்கிவிட்டு, மதுரையிலிருந்து வந்த பட்டத்தரசியின் தம்பியை முடிசூட்டினார்கள். நாயக்க வம்சம் இப்படித்தான் கண்டியில் தொடங்கியது. அன்றைக்கு மண்ணைவிட இரத்தம் பெரிது. இருபது ஆண்டு கழித்து, 1760இல், அதே வம்சத்து கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனைக் குழியில் வீழ்த்திக் கொன்றுவிட்டுச் சியாம் நாட்டு இளவரசன் ஒருவனை அரியணையேற்றப் பிரபுக்களும் பிக்குகளும் சேர்ந்து சதி செய்தார்கள். சதி வெளிப்பட்டு மன்னன் தப்பினான். 1798இல் முதன்மை அமைச்சரான ‘அதிகாரம்’ பிலிமத்தலாவை பதினெட்டு வயதுக் கண்ணுசாமியை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக்கினார். இளம் மன்னனைப் பொம்மையாக ஆட்டிவைக்கலாம் என்பது அவருடைய கணக்கு. பொம்மை தன் விருப்பப்படி நடக்கத் தொடங்கியதும் பகை மூண்டது. பிலிமத்தலாவையின் தலை போனது. அவருக்குப் பின் அதிகாரமான எஹெலப்பொல ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தார். 1814இல் அவருடைய மனைவி மக்கள் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் மன்னன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் தேதி கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. கோடம்பாக்கத்தில் எந்த வசனகர்த்தாவும் இதைவிடச் செறிவான திரைக்கதையை எழுதியதில்லை.

அந்த ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு, வீழ்ந்த மன்னனின் உறவினர்களைப் பகைவர்கள் என்று அறிவித்து, அனுமதியின்றி அவர்கள் கண்டிப் பிரதேசத்துக்குள் கால்வைக்கக்கூடாது என்றது. மன்னனையும் உறவினரையும் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். 1832இல் அவன் அங்கேயே இறந்தான். அதற்குள் அதே ஆங்கிலேயர் அதே மலைகளில் காப்பி பயிரிடத் தொடங்கிவிட்டார்கள்; வேலைக்கு அதே தென்னாட்டிலிருந்து கூலியாட்களை இறக்கவும் தொடங்கிவிட்டார்கள். அரச வம்சத்து நாயக்கருக்குத் தடை, கூலித் தமிழருக்கு அழைப்பு. 1739இல் சிம்மாசனத்தைத் தந்த இரத்தம் 1815இல் நாடுகடத்தக் காரணமானது. 1948இல் அதே அளவுகோலை எடுத்து, அரசர்களின் சந்ததி அல்லாத, காடு வெட்டித் தேயிலை நட்டவர்களின் பேரப்பிள்ளைகளையும் அளந்தார்கள்.

படத்துக்குத் திரும்புவதற்கு முன் ராஜகுருவைப் பற்றிக் கொஞ்சம். தமிழ் அரண்மனைப் படங்களில் மன்னனைவிட ராஜகுருதான் கதையை நடத்துகிறவர். ‘நாடோடி மன்ன’னில் பி.எஸ். வீரப்பா, எட்டு ஆண்டுக்கு முந்திய ‘மந்திரிகுமாரி’யில் எம்.என். நம்பியார். மு. கருணாநிதியின் கதை வசனத்தில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘மந்திரிகுமாரி’யில் ராஜகுரு தன் மகனுக்குத் தளபதிப் பதவி கேட்கிறார், மன்னன் அதைத் தகுதி பார்த்து எம்.ஜி.ஆர். ஏற்ற வீரமோகனுக்குக் கொடுக்கிறான். சதி அங்கே தொடங்குகிறது. பிறப்பா தகுதியா என்ற வழக்கு அந்தப் படத்திலேயே எழுந்துவிட்டது. அந்தக் கதை குண்டலகேசியிலிருந்து எடுக்கப்பட்டது. கணவனை மலையுச்சியிலிருந்து தள்ளும் பெண்ணின் கதையை அநுராதபுரத்து மகாவிகாரை மரபில் வந்த பாலி உரைகளும் விரிவாகச் சொல்கின்றன. தேரிகாதையின் உரையில் அந்தக் கள்வனும் அரச புரோகிதனின் மகனே. மலையுச்சிக் காட்சியை ஏற்காட்டில் எடுத்தார்கள். அதுவும் வெள்ளையர் காப்பித் தோட்டம் போட்ட மலை.

திராவிட இயக்கத்தார் ராஜகுருவைச் சாதி மேலாதிக்கத்தின் உருவமாகப் படைத்தார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சரிதான். தோட்டத்தில் அந்தப் பாத்திரத்துக்கு வேறொரு சாயலும் உண்டு என்று நினைக்கிறேன். மேட்டில் பங்களா, அதில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை. துரையின் மொழி லயத்துக்குத் தெரியாது, லயத்தின் மொழி துரைக்கு அரைகுறை. நடுவே பெரிய கங்காணி, கணக்கப்பிள்ளை, கண்டக்டர். யார் பெயர் காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டில் ஏறும், யார் குறை மேலே போகும் என்பதெல்லாம் நடுவில் நிற்பவர் கையில். கடனை எழுதித் தொழிலாளியைக் கங்காணியோடு பிணைத்த துண்டு முறை 1921இல் ஒழிந்தாலும் அந்த நடு அதிகாரத்தின் பழக்கம் உடனே போய்விடவில்லை. மன்னனுக்கும் குடிகளுக்கும் இடையில் நின்று இருபுறமும் பொய் சொல்லும் ஒருவரைத் திரையில் பார்க்கும்போது அவரைப் புரிந்துகொள்ள மலையகத்தாருக்கு விளக்கவுரை தேவைப்பட்டிராது.

தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் கூடி உட்கார்ந்த முதல் கலையிடம் சினிமாக் கொட்டகை என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் எழுதினார். சாதி பார்க்காமல் காசு பார்த்து இருக்கை தந்த இடம் அது. தோட்டத்துக்கு இந்தக் கூற்று இன்னொரு வகையிலும் பொருந்துகிறது. தோட்ட எல்லைக்கு வெளியே, டவுனில், துரையும் கங்காணியும் இல்லாத ஓரிடத்தில் மூன்று மணிநேரம் உட்கார முடிந்தது. பார்க்கக் கிடைக்காதவர்களுக்குப் பாட்டுப் புத்தகமும் இலங்கை வானொலியும் இருந்தன. எஸ்.பி. மயில்வாகனன் காலத்து வர்த்தக ஒலிபரப்பில் பாட்டைக் கேட்டே படத்தை மனத்தில் ஓட்டிக்கொண்டவர்கள் ஏராளம். திரையின் அரசியலுக்கு இங்கே அமைப்பும் இருந்தது. ஏ. இளஞ்செழியன் வளர்த்த இலங்கை திராவிட முன்னேற்றக் கழகம் தோட்டங்களில் சாதியொழிப்பும் பிரஜாவுரிமையும் பேசியது. 1962இல் அரசு அதைத் தடைசெய்தது.

எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட தம் நூலில் எம்.ஜி.ஆர். படங்களின் மேல் வைத்த குற்றச்சாட்டு கடுமையானது. ஏழையின் துயரைத் தனி நாயகன் தீர்க்கிறான். அமைப்பு அப்படியே நிற்கிறது. ஏழை கைதட்டிக்கொண்டு வீடு திரும்புகிறான் என்பது அதன் சாரம். ‘நாடோடி மன்ன’னுக்கு இது பெருமளவு பொருந்தும். வீராங்கனின் சட்டங்களை மக்கள் இயற்றவில்லை. அவை சிம்மாசனத்திலிருந்து இறங்கி வருகின்றன. மக்கள் கேட்கிறார்கள், மகிழ்கிறார்கள். தமிழ்நாட்டில் 1952 முதல் வாக்களித்து வந்தவர்களுக்கு இது பின்னோக்கிய கனவு என்று பாண்டியன் கருதினால் மறுக்க மாட்டேன். ஆனால் வாக்குச் சீட்டே இல்லாத ஒரு மக்கள் கூட்டத்துக்கு நிலைமை வேறு. அவர்களுடைய உரிமையைப் பறித்ததும் மேலிருந்து வந்த சட்டம்தான். இன்னொரு சட்டம் வந்து அதைத் திருத்தும் என்று எதிர்பார்ப்பதை ஏமாளித்தனம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்தப் படத்தில் அவர்கள் பெற்றது அதைவிடப் பெரியது என்பது என் முடிவு. வம்சம் கேட்காத ஒரு நாட்டைத் திரையில் பார்த்தார்கள். உண்மையை அறிந்த அரசி மனோகரிகூட ஆள்மாறியவனை அண்ணனாக ஏற்றுக்கொள்கிறாள். உறவும் அங்கே பிறப்பால் வரவில்லை, நடத்தையால் வருகிறது.

படம் வந்து ஆறாண்டு கழித்து அரண்மனைச் சதி நிஜத்தில் அரங்கேறியது. 1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும், நாடற்ற மலையகத் தமிழரைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்கள். கணக்கு 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அதையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்கள் அந்த அறையில் இல்லை. ஒப்பந்தத்துக்கு மறு ஆண்டு பி.ஆர். பந்துலுவின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்தது. மருத்துவன் மணிமாறன் கிளர்ச்சிக்காரர்களோடு சேர்த்துத் தண்டிக்கப்பட்டு, கடல்கடந்த தீவொன்றில் அடிமையாக விற்கப்படுகிறான். கப்பலேறித் தீவுக்கு வந்து உழைத்தவர்களின் பேரர்களுக்கு அது நேரடியாகவே தங்கள் கதையாகத் தோன்றியிருக்கும். உணர்ச்சியில் அது வலிய படம்தான். ஆயினும் அரசியல் துணிவில் ‘நாடோடி மன்னன்’ அதற்கு மேல். ‘ஆயிரத்தில் ஒருவன்’ அடிமை விடுதலை கேட்கிறது. முந்திய படமோ ஆளும் உரிமையையே கேட்டது. அதே 1965இல் எம்.ஜி.ஆர்., சரோஜாதேவியோடு, பிறந்த நாட்டுக்கு விருந்தினராக வந்து போனார்.

1977 ஜூன் 30 அன்று அவர் தமிழ்நாட்டு முதலமைச்சராகப் பதவியேற்றார். மூன்று வாரம் கழித்து, ஜூலை 21இல், இலங்கையில் பொதுத் தேர்தல். நுவரெலியா மஸ்கெலியா என்று இணைத்து மூன்று உறுப்பினர் தொகுதி ஒன்று அமைத்திருந்தார்கள். மூன்றாவது இடத்தில் தொண்டமான் வென்றார். 1947க்குப் பின் மலையகத் தமிழர் ஒருவர் வாக்குகளால் பாராளுமன்றம் போனது அன்றுதான். பதிவுப் பிரஜைகளாகத் தேறியவர்களின் வாக்கு அதற்குப் போதுமானதாக இருந்தது. நாடற்றவர்களோ இன்னும் லட்சக்கணக்கில் வரிசையில் நின்றார்கள்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் கடைசியில் கேள்வியையே மாற்றியது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்து வந்திருந்தால், அல்லது அப்படி வாழ்ந்தவரின் வழித்தோன்றலாக இங்கே குடியிருந்தால், அவர் பிரஜை. தகப்பன் பிறந்த இடத்தையும் பூட்டன் பிறந்த இடத்தையும் அந்தச் சட்டம் விசாரிக்கவில்லை. வாழ்ந்ததை மட்டும் கேட்டது. ‘நாடோடி மன்னன்’ வெளியாகி அப்போது 45 ஆண்டுகள் ஆகியிருந்தன.